சென்ற இடம் தெரியவில்லை

நோர்டர்சீல்,
ஜெர்மனி,
12 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய திரு. ஃபோல்கர் ஓங்கன் அவர்களுக்கு,

நலம். அடுத்து 'நலமறிய ஆவல்' என்று எழுத வேண்டும். ஆவல் இல்லை, அதனால் எழுதவில்லை. ஒன்பது வருடம் கழித்து மனைவியிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதே என்று நீ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார வேண்டாம். இது அலுவல் விஷயம். கூடவே ஒரு படிவம் வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் உன் வேலை முடிந்தது. 'அவர்களுக்கு' என்று ஆரம்பித்து 'நீ' என்று இறங்கிவிட்டேன். முப்பத்து நான்கு வருடம் என் பக்கத்தில் நின்று பல் தேய்த்தவனை 'நீங்கள்' என்று கூப்பிட எனக்கு வரவில்லை.

விஷயம் இதுதான். நான் நோர்டர்சீலில் இல்லை. ஜூலை மாதத்திலிருந்தே இல்லை. நகராட்சிக் குடிமக்கள் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே 'சென்ற இடம் தெரியவில்லை' என்று பதிந்திருக்கிறார்கள். இதை நான் எழுதுவது உன் அப்பா உனக்கு எழுதி வைத்த அதே வீட்டில், இரண்டாம் மாடியில், சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு. பக்கத்தில் தேநீர் ஆறுகிறது. ஊரில் இல்லாத ஒருத்தி தனக்காகப் போட்டுக்கொண்ட தேநீர்.

எப்படி நடந்தது என்று கேட்பாய். கேட்க மாட்டாய், நீ எதையும் கேட்டதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். வாசற்கதவில் உன் குடும்பப் பெயரைத் தாங்கிய அந்தப் பித்தளைத் தகட்டை, நீ போன அன்றே திருப்புளி எடுத்துக் கழற்றினேன்; கீழே தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் இருந்த பெயரையும் எடுத்துவிட்டேன். என் பழைய பெயரை மாட்டினால் சட்டப்படி தவறு. உன் பெயரை மாட்ட எனக்கு மனசில்லை. அதனால் எதையும் மாட்டவில்லை. பழைய தபால்காரர் ஹார்ம்ஸுக்கு நான் யார் என்று தெரியும். ஒன்பது வருடம் பெயரில்லாத பெட்டியில் ஒரு வார்த்தை பேசாமல் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போனார். பிப்ரவரியில் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்திருப்பவன் காதில் எதையோ செருகிக்கொண்டு பாட்டுக் கேட்டபடி சைக்கிளில் வருகிற பிரகிருதி. பெயரில்லாத பெட்டியில் கடிதம் போடக் கூடாது என்று விதி இருக்கிறதாம். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டான்.

கடிதம் வரவில்லை என்பதை நான் கவனிக்கவில்லையா என்றால், கவனிக்கவில்லை. எனக்கு யார் எழுதப் போகிறார்கள்? தள்ளுபடி விற்பனைத் தாள்கள் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குப் பெயர் தேவையில்லை.

முதலில் திரும்பிப் போனது வாக்காளர் அட்டை. பிறகு இன்னொன்று; அதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். இரண்டு கடிதம் திரும்பினால் நகராட்சி ஆள் அனுப்பி அழைப்பு மணியில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வீட்டில் விசாரிக்க வேண்டும். அவர்களும் தெரியாது என்றால் பெயரை நீக்கிவிடலாம். இந்த ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? தொண்ணூற்று நான்கில், அந்தப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தபோது, நான் எழுதிய சுற்றறிக்கை. ஒரு எழுத்து மாறாமல் இன்றும் அப்படியே பின்பற்றுகிறார்கள். அந்த அலுவலகத்தில் உருப்படியாகச் செய்யப்பட்ட ஒரே வேலை அதுதான். அதுவும் எனக்கே செய்யப்பட்டிருக்கிறது.

பக்கத்து வீட்டில் விசாரித்தார்களாம். எதிர்க் கதவு டிட்மர் அம்மாளை உனக்கு ஞாபகம் இருக்காது, நீ போன பிறகு குடிவந்தவள். நாயைக் 'கண்ணு' என்றும் புருஷனை 'ஏய்' என்றும் கூப்பிடுகிறவள். அவள் சொன்ன வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது, நானே படித்தேன். "அந்த வீட்ல யாரும் இருக்கிற மாதிரி தெரியலைங்க. நாங்க பார்த்ததே இல்லை. ஆனா படிக்கட்டைத் துடைக்கிற முறை அவங்களுக்கு வர்ற வாரமும் அது மட்டும் எப்படியோ சுத்தமாகிடுது." எப்படியோ! விடியற்காலை ஐந்து மணிக்கு முழங்காலில் உட்கார்ந்து, அவள் நாய் கொட்டிய முடியெல்லாம் சேர்த்துத் துடைக்கிறவள் நான். யார் முகத்திலும் விழிக்க வேண்டாம் என்றுதான் ஐந்து மணி. அந்த விஷயத்தில் முழு வெற்றி அடைந்துவிட்டேன் என்று தெரிகிறது.

எனக்கு இதெல்லாம் தெரியவந்தது அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது. பழையது மார்ச்சோடு காலாவதி. நகராட்சியில் மனிதர்களைக் குறைத்துவிட்டு வாசலில் ஒரு தொடுதிரைப் பெட்டியை நிறுத்தியிருக்கிறார்கள். நம் ஊர் வணக்கத்தைக்கூட அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: 'மோயின்! உங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி' என்கிறது. அட்டையை வை என்கிறது. வைத்தால், 'இப்படி ஒருவர் இல்லை' என்கிறது. பெட்டியோடு சண்டை போட முடியாது என்பதால் உள்ளே போனேன். என் நாற்காலியில் தோர்பென் உட்கார்ந்திருக்கிறான். முத்திரையை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் வந்தவன், நான்தான் வேலை கற்றுக்கொடுத்தேன். இப்போது தாடி வைத்திருக்கிறான், பேச்சில் கனிவு வேறு. "மேடம், நீங்க நீங்கதான்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா நான் தெரிஞ்சவன்ங்கிற முறையில கையெழுத்துப் போட முடியாதே. கவுன்ட்டர்ல உட்கார்ந்துட்டா அலுவலருக்கு யாரையும் தெரியாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?" என்றான். நான் சொன்னதுதான். வேறு ஒன்றும் அவன் மண்டையில் ஏறவில்லை, அது மட்டும் ஏறியிருக்கிறது.

மின்சாரக் கட்டண ரசீதைக் காட்டினேன். "இதை வெச்சு அங்க ஒரு பல்பு எரியுதுன்னுதான் சொல்ல முடியும் மேடம், எரியறது உங்களுக்காகன்னு எப்படிச் சொல்றது?" என்கிறான். வீட்டு உரிமையாளர் கையெழுத்து வேண்டுமாம். வீடு இன்னும் உன் பெயரில்தான் இருக்கிறது. விவாகரத்துக்கும் ஒரு படிவம் உண்டு. நாம் இரண்டு பேருமே அதை நிரப்பவில்லை. ஆகவே நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்பதை இந்த வீட்டில் இல்லாத நீ எழுதிக் கொடுக்க வேண்டும். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்.

நீ போன நாள் ஞாபகம் வருகிறது. வெளிநாடு போகிறவர் பெயரை நீக்கிவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். நீ ஒழுங்காக வரிசைச் சீட்டு எடுத்து, நாற்பது நிமிடம் காத்திருந்து, என் கவுன்ட்டருக்கே வந்தாய். நார்வேயில் பெர்கன் பக்கத்து உன் அண்ணனின் படகுப் பட்டறை முகவரியை அச்செழுத்தில் எழுதினாய். நான் சரிபார்த்தேன், முத்திரை குத்தினேன், "அடுத்தவர்" என்றேன். அதனால்தான் உன் முகவரி என்னிடம் இருக்கிறது. கடலைத் தாண்டிப் போன நீ எங்கே இருக்கிறாய் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். இடத்தை விட்டு அசையாத நான்தான் காணாமல் போய்விட்டேன்.

அட்டை இல்லாமல் நான் இருந்துவிடுவேன். எனக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் திரும்பிப் போன அந்த இரண்டாவது கடிதம் கல்லறைத் தோட்ட நிர்வாகத்திலிருந்து வந்தது. நம் குழந்தை வீப்கேயின் இடத்துக்கு இருபத்தைந்து வருடக் குத்தகை முடிகிறது. உரிமையைப் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டுப் புல் விதைத்துவிடுவார்கள். கெடு நவம்பர் முப்பது.

கல்லின் மேல் ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருக்கிறார்கள். தப்பான இடத்தில் நிறுத்திய காரில் ஒட்டுவார்களே, அந்த மாதிரி. 'உரியவர் தொடர்பு கொள்ளவும்.' உரியவள் போனேன். அங்கே ஒரு பெண், நகத்துக்கு மட்டும் ஐந்து நிறம். திரையைப் பார்த்துவிட்டு, "உரிமை அன்னெகிரெட் ஓங்கன்னு ஒருத்தங்க பேர்ல இருக்கு. அவங்க ஊரை விட்டே போயிட்டாங்க போலிருக்கே" என்றாள். அது நான்தான் என்று அட்டையைக் காட்டினேன். காலாவதியானதைப் பார்த்துவிட்டு, என்மேல் இரக்கப்பட்டு, "நீங்க அவங்களுக்குச் சொந்தமா? அவங்களைப் பார்த்தீங்கன்னா நவம்பர் முப்பதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க" என்கிறாள். நான் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன். உரிமையை உன் பெயருக்கு மாற்றலாமா என்று கேட்டதற்கு, மாற்றலாமாம், அதற்கு என் கையெழுத்து வேண்டுமாம். என் கையெழுத்து செல்லாது.

ஆகவே படிவத்தை நிரப்பு. மை பேனாவால் எழுது, மின்னஞ்சல், நகல் எதுவும் அவர்களிடம் செல்லாது. முக்கியமாக, 'குடிவந்த தேதி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. இன்றைய தேதியைப் போட்டால் சுலபம் என்கிறான் தோர்பென். போட்டால் அதே பெயரில் புதிதாக ஊருக்கு வந்த வேறு ஒருத்தி ஆகிவிடுவேன். கல்லறைக்காரி தேடும் பழைய அன்னெகிரெட் காணாமல் போனவளாகவே இருப்பாள். ஆரம்பத்திலிருந்து இங்கேயே இருக்கிறேன் என்று உரிமையாளர் எழுதினால்தான் நீக்கியதே தவறு என்று ரத்து ஆகும். ஆகவே உண்மையான தேதியைப் போடு. என்ன தேதி என்று நான் சொல்லப்போவதில்லை. அதுகூட ஞாபகம் இல்லாதவனிடம் கேட்டு வாங்க எனக்கு மானம் இடம் கொடுக்காது.

உன் அண்ணனுக்கு என் விசாரிப்பு எதுவும் இல்லை.

இப்படிக்கு,
அன்னெகிரெட் ஹைட்மான்
(படிவத்தில் மட்டும் ஓங்கன்)


நோர்டர்சீல்,
19 அக்டோபர் 2024

ஃபோல்கர்,

இதற்கு முன் உனக்கு இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். ஐந்து வாரமாகப் பதில் இல்லை. கிழித்தவற்றில் முதலாவதில் உன்னைக் கோழை என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில் உன் அம்மாவையும் இழுத்திருந்தேன். வீப்கே ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் வராந்தாவில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவன், கல்லை எடுக்கிறார்கள் என்றாலும் வாய் திறக்க மாட்டான் என்று எழுதியிருந்தேன். நான்கு பக்கம். நன்றாகவே வந்திருந்தது. கிழித்ததற்குக் காரணம் போன செவ்வாய்க்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலை குப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே அந்தத் தபால்காரன் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். வழக்கமாக யாராவது நின்றால் மாடி வளைவிலேயே காத்திருப்பேன். அன்றைக்குக் குப்பைப் பை ஒழுகிக்கொண்டிருந்ததால் இறங்க வேண்டியதாயிற்று. பார்த்ததும், "மோயின்! நீங்க இந்த வீடா? பார்த்ததே இல்லையே" என்றான். ஒன்பது வருடமாகப் பார்க்காதவர்களே இந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள், எட்டு மாதக்காரன் நீ என்னத்தைப் பார்ப்பாய் என்று கேட்டேன். பயல் சிரித்தான். பிறகு, "ரெண்டாம் மாடியில ஓங்கன்னு யாராவது இருக்காங்களா? நார்வேல இருந்து ஒரு கடிதம் வந்துச்சு. தடிமனான உறை. பெட்டியில பேரே இல்லை. ரெண்டு நாள் பையில வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். யாரைக் கேட்டாலும் தெரியாதுன்னுட்டாங்க. சனிக்கிழமை திருப்பி அனுப்பிட்டேன்" என்றான்.

ஃபோல்கர், நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். பை ஒழுகுவதுகூடத் தெரியவில்லை.

முப்பத்து மூன்று வருடம் முகவரி வேலை பார்த்தவள். பெயர் இல்லாததால் கடிதம் திரும்பி, அதனால் காணாமல் போனவள். அதை உனக்கு விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, அதே பெயரில்லாத பெட்டிக்குப் பதில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தோர்பென்கூட இப்படிச் செய்திருக்க மாட்டான். ஊரையெல்லாம் மக்குகள் என்று சொல்லித் திரிந்தேனே, அந்த வரிசையில் எனக்கும் ஒரு சீட்டு கிழித்துக்கொள்கிறேன். நீ பதில் எழுதியிருக்கிறாய். எழுதவில்லை என்று நினைத்து நான்கு பக்கம் திட்டினேன். நீ படிக்காத அந்தத் திட்டுக்கு மன்னித்துக்கொள். படித்த திட்டுகளுக்கு இல்லை.

தபால்காரன் பயந்துபோய் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். "நீங்கதான் அந்த ஓங்கன் அம்மாவா? அப்போ பேரைப் போட்டுடுங்கம்மா. ஒரு காகிதத்துல எழுதி ஒட்டினாக்கூடப் போதும்" என்றான். அங்கேயே எழுதிப் பெட்டியிலும் மணியிலும் ஒட்டினேன்; கதவுக்குத் தகடு இருக்கிறது என்றேன்.

சமையலறையில் தேயிலை டப்பாவுக்குக் கீழே உள்ள இழுப்பறையில் துணி சுற்றி வைத்திருந்தேன். பச்சை பிடித்துப்போயிருந்தது. உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்தேன். நீ செதுக்கியபடியே இருக்கிறது. மேலே 'இங்கே வசிப்பவர்கள்', அதன்கீழ் உன் பெயர், என் பெயர். அவள் பிறந்த பிறகு சேர்த்ததால் வீப்கேயின் பெயர் மட்டும் கீழ் ஓரத்தில், சின்னதாக, கொஞ்சம் சாய்ந்து. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன்மேல் வாயால் ஊதி, சட்டைக் கையால் துடைத்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். துடைத்துத் துடைத்து அந்த ஒரு மூலை மட்டும் தேய்ந்திருக்கிறது, பார்த்திருப்பாய்.

ஒன்று சொல்ல வேண்டும். போன கடிதத்தில் உன் பெயருக்காகத் தகட்டைக் கழற்றினேன் என்று எழுதினேன். எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது பொய். உன் பெயர் என்னை என்ன செய்துவிடும்? ஒவ்வொரு தடவை சாவி போடும்போதும் கடைசிப் பெயரைப் பார்க்க முடியவில்லை. அவள் போன பிறகு பதினாறு வருடம் பார்த்தேன். அப்போது பக்கத்தில் நீ பால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு, வாய் திறக்காமல், நின்றுகொண்டிருந்தாய். தனியாகப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான்.

மாட்டும்போது நான்கு திருகாணியில் மூன்றுதான் கிடைத்தது. டிட்மர் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நாயும் பார்த்தது. "ஐயோ, புதுசா குடிவர்றீங்களா?" என்றாள். நாற்பத்து மூன்று வருடமாக வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள். பிறகு உள்ளே போய் ஒரு திருகாணியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கறுப்பு நிறம், பொருந்தவே இல்லை. ஆனாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மறுநாள் தபால்காரன் மெனக்கெட்டு மேலே வரைக்கும் ஏறி வந்து தகட்டைப் படித்துப் பார்த்தான். "மூணு பேர் இருக்கே! மூணு பேரும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டான். முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு வரி பொய்யாகப் பதிந்தவள் இல்லை நான். ஆமாம் என்றேன்.

கல்லறைத் தோட்டத்துக்கும் போனேன். அந்த மஞ்சள் காகிதத்தை வெண்ணெய்க் கத்தியால் சுரண்டி எடுத்தேன். இரண்டு நாளில் புதிதாக ஒன்று ஒட்டியிருந்தார்கள். அதையும் சுரண்டினேன். அவர்களிடம் காகிதம் நிறைய இருக்கும், என்னிடம் நேரம் நிறைய இருக்கிறது. அவள் ஊரில் இருந்தது பதினோரு வருடம். அந்தக் கல்லும் போய்விட்டால் அவள் பெயர் இருக்கிற இடம் இந்தத் தகடு ஒன்றுதான். அதையும் நான் ஒன்பது வருடம் இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு 'சென்ற இடம் தெரியவில்லை' என்று முத்திரை குத்தினேன். அவர்களில் எத்தனை பேர் இப்படிக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று இந்த வாரம்தான் முதல் தடவை யோசிக்கிறேன்.

திரும்பி வந்த உறையை நீ பிரித்துப் பார்க்காமல் மூலையில் போட்டிருப்பாய், உன்னைத் தெரியும். புதிய படிவம் ஒன்று இதோடு இருக்கிறது. பழையதில் நீ என்ன தேதி போட்டாய் என்று எனக்குத் தெரியாது. மானத்தைப் பார்க்க இனி நாளில்லை, நானே எழுதிவிடுகிறேன்: 3 அக்டோபர் 1981, சனிக்கிழமை. மழை. உன் அப்பாவின் வண்டி நடுவழியில் நின்றுவிட்டது, மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு துறைமுகத்திலிருந்து இரண்டு பேரும் நடந்தோம். பின்னாளில் இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள் என்று நாடே அந்தத் தேதியை விடுமுறை நாளாக எடுத்துக்கொண்டது. நம்மை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்தத் தேதியைப் போடு. அன்றிலிருந்து நான் இங்கேதான் இருக்கிறேன் என்று எழுது. அதைச் சொல்ல இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. உலகத்திலேயே உன்னைத் தவிர யாரும் இல்லை. திமிருக்காகச் சொல்லவில்லை, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கெடுவுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அங்கிருந்து தபால் வந்துசேர எட்டு ஒன்பது நாள் ஆகும், வழியில் யாராவது மக்கு கையில் மாட்டினால் அதற்கு மேலும் ஆகும். கப்பல் ஏறி ஆளே வந்தால் இரண்டு நாள்தான். கையெழுத்தை நேரில் போட்டால் தோர்பெனுக்கும் சந்தேகம் வராது. இது அழைப்பு இல்லை, தகவல்.

உடம்பைப் பார்த்துக்கொள். அழைப்பு மணி வேலை செய்கிறது.

அன்னே